தலைமை நாற்காலியும் கடலைக் கொல்லையும்

டெல்லி
12.9.1999

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வருடமாக என் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறாய். இதுவும் திரும்பி வரலாம். ஆனாலும் இந்தச் செய்தி வேறு யார் வாய் வழியாகவும் உனக்கு வரக்கூடாது என்று எழுதுகிறேன்.

அண்ணனுக்குச் செஷன்ஸ் கோர்ட் கொடுத்த தூக்கை ஹைகோர்ட் உறுதி செய்தது உனக்குத் தெரியும். வழக்கு இப்போது இங்கே சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. நான் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் ஆபீஸ்தான் அண்ணன் பக்கம் நடத்துகிறது. தமிழ்க் காகிதங்களை இங்கிலீஷில் ஆக்குவது என் வேலை. முதல் சாட்சி நீ. 'என் கூடப் பிறந்தவர் என் வீட்டுக்காரரை வெட்டினார்' என்று நீ கூண்டில் நின்று சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன். அந்த ஒரு வரிக்கு ஒரு சாயங்காலம் முழுதும் ஆனது.

இன்னொன்று. திருச்சியில் ஒரு பதிப்பகத்துக்காக இந்த நாட்டுத் தலைமை நீதிபதி பதவியின் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜெயிலில் அண்ணனைப் பார்க்கப் போனபோது அதைச் சொன்னேன். "என்னய முடிவு பண்ணப்போற எடத்துல இதுக்கு முன்னாடி யாரு யாரு ஒக்காந்திருந்தாங்கன்னு எழுதி அனுப்புடா" என்றார். அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

கேட்க வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். தூக்கு வேண்டாம், ஆயுள் போதும் என்று நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எங்கள் வக்கீல் அதை நீதிபதிகளிடம் காட்டுவார். மன்னிக்கச் சொல்லவில்லை. உயிரை மட்டும் விடச் சொல்கிறேன்.

பிள்ளை அசோக் எப்படி இருக்கிறான்?

உன் தம்பி,
வைத்திலிங்கம்

*

ஆலத்தியூர்
3.10.1999

தம்பி வைத்திலிங்கத்துக்கு,

பிரித்துப் படித்துவிட்டேன். படித்திருக்க வேண்டாம்.

என் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தேன் என்கிறாய். கோர்ட்டில் நான் சொன்னது பாதிதான். வக்கீல் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். நீ சாவுக்கும் வரவில்லை, கருமாதிக்கும் வரவில்லை. அதனால் மீதியை இப்போது கேட்டுக்கொள்.

கிழக்குக் கொல்லையில் பாதி எனக்கு என்று அப்பா சாகும்போது சொன்னதை நீயும் கேட்டாய், உன் அண்ணன் அய்யம்பெருமாளும் கேட்டான். அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, சிமெண்ட் ஆலைக்காரர்கள் வாங்குவார்கள் என்று பேச்சு கிளம்பியதும், கட்டிக் கொடுத்த பெண்ணுக்குக் கொல்லையில் என்ன பங்கு என்று அவன் மாறிவிட்டான். உன் மாமா சண்டைக்குப் போகவில்லை. அரியலூர் கோர்ட்டுக்குப் போனார். நாங்கள் போட்ட கடலையை நாங்களே பிடுங்கலாம் என்று நீதிபதி உத்தரவு கொடுத்தார்.

மாசி மாதம், வெயில் ஏறும் நேரம். உன் மாமாவும் என் கொழுந்தன் வைரக்கண்ணுவும் முன்னால் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் செடியை உதறிக் குவித்துக்கொண்டிருந்தேன். அசோக் தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பச்சைக் கடலை தின்றுகொண்டிருந்தான். எட்டு வயது. அய்யம்பெருமாள் வரப்பில் வந்தான். கையில் அருவாள். வேலிமுள் வெட்ட எடுத்துவந்தது என்று உங்கள் வக்கீல் சொல்கிறார். அந்தக் கொல்லையில் ஏது வேலி?

உன் மாமா மடியிலிருந்து உத்தரவை எடுத்து நீட்டினார். "மச்சான், கோர்ட்டு ஆர்டர் இருக்கு. படிச்சுப் பாருங்க" என்றார். நீட்டிய கையைத்தான் முதலில் வெட்டினான். மணிக்கட்டோடு போய்விட்டது. காகிதம் விரலுக்குள்ளேயே இருந்தது. உன் மாமா குனிந்து இன்னொரு கையால் அந்தக் கையை எடுக்கப் பார்த்தார். குனிந்த கழுத்தில் இரண்டாவது வெட்டு.

வைரக்கண்ணு கிணற்று மேட்டுப் பக்கம் ஓடினான். நான் அய்யம்பெருமாளின் காலைக் கட்டிக்கொண்டேன். என்னை உதறிவிட்டுச் சொன்னான்: "நீ வூட்டுக்குப் போ புள்ள. ஒன்னய ஒண்ணும் பண்ணமாட்டேன்." சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னான். பிறகு துரத்திப் போய் வைரக்கண்ணுவை முதுகில் வெட்டி, கிணற்றுக்குள் தள்ளினான். தண்ணீர் இல்லாத கிணறு. உள்ளிருந்து அவன் என்னை 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆள் வந்து கயிறு போடுவதற்குள் நின்றுவிட்டது.

எவனெவன் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தான் என்று நீ புத்தகம் எழுதுகிறாய். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்ட அரியலூர் நீதிபதியும் ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் எழுத்தை நம்பி உன் மாமா கையை நீட்டினார்.

எழுதித் தர மாட்டேன்.

புவனேஸ்வரி

*

டெல்லி
7.11.1999

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். பதில் எழுத ஒரு மாதம் தள்ளிப்போனதற்கு அதுதான் காரணம்.

எழுதித் தரும்படி இனிக் கேட்கமாட்டேன். ஆனால் அந்த நாற்காலியைப் பற்றி நீ எழுதியதற்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அது சுகமான நாற்காலி என்று நினைக்காதே. முதல் தலைமை நீதிபதி பதவியில் இருக்கும்போதே ஐம்பத்தொன்றில் இறந்துபோனார். அடுத்து வரவேண்டியவர் நம் மதராஸ் மாகாணத்துக்காரர். அவரைத் தாண்டி வேறு ஆளைக் கொண்டுவரலாமா என்று மேலே யோசித்தார்களாம். அப்படிச் செய்தால் நாங்கள் எல்லோரும் ராஜினாமா செய்வோம் என்று மற்ற நீதிபதிகள் சொன்னதால்தான் அவருக்குக் கிடைத்தது என்று இங்கே பேசிக்கொள்வார்கள். எழுபத்து மூன்றில் அதுவும் நடந்துவிட்டது. அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதிய மூத்தவர்கள் மூன்று பேரைத் தள்ளிவிட்டு நாலாவது ஆளை உட்கார வைத்தார்கள். மூன்று பேரும் வேலையை விட்டுப் போனார்கள்.

நான் சொல்ல நினைத்தது அதற்கு அடுத்தது. எமர்ஜென்சியில் ஜெயிலில் போட்ட ஆட்கள் கோர்ட்டுக்கு வரலாமா என்று ஒரு வழக்கு. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைச் சுட்டுக் கொன்றால்கூட யாரும் கேட்க முடியாதா என்று நீதிபதி கேட்டார். முடியாது என்று அரசு வக்கீல் சொன்னார். ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அதற்குத் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் மாட்டேன் என்று எழுதினார். அடுத்த வருடம் அவர்தான் தலைமை நீதிபதி ஆகியிருக்க வேண்டும். ஆக்கவில்லை. அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். ஓர் உயிரை எடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்க வேண்டும் என்று சொன்னதற்காக அந்த நாற்காலியை இழந்த மனிதர் அவர். அண்ணனுக்கு இதை எழுதியபோது, 'அவரு இப்ப அந்த எடத்துல இருந்தா என்ன சொல்லுவாரு' என்று கேட்டு எழுதியிருந்தார்.

நம் வழக்கை இரண்டு நீதிபதிகள் கேட்பார்கள். தலைமை நீதிபதி கேட்கமாட்டார். எந்த வழக்கு யாரிடம் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பவர் அவர். ஏழைகள் அந்த நாற்காலிக்கு எழுதிய போஸ்ட் கார்டைக்கூட மனுவாக எடுத்த காலம் உண்டு. அந்த அளவுக்கு அது நமக்குத் திறந்த இடம்தான் அக்கா.

வைத்திலிங்கம்

*

ஆலத்தியூர்
20.1.2000

தம்பிக்கு,

உன் பெரிய மனிதர்கள் பதவி கிடைக்கவில்லை என்று வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். என் வீட்டில் இரண்டு பேர் வீட்டுக்கு வரவில்லை. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அந்த ஒற்றை ஆள் நல்லவர்தான். அவர் யாருக்காகச் சொன்னார்? ஒரு தப்பும் செய்யாமல் உள்ளே கிடந்தவர்களுக்காக. இவன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவனா? அவர் இருந்தால் என்ன சொல்வார் என்று இவன் கேட்கிறானாம். வைரக்கண்ணு கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட்டபோது இவன் மேலே நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தான். அப்போது எந்த நீதிபதியையும் நினைக்கவில்லை.

நீ ஒரு நல்ல காரியம் செய்தாய். போஸ்ட் கார்டைக்கூட எடுப்பார்கள் என்று சொன்னாய். நான் கார்டு எழுதவில்லை. நாலு பக்கம் எழுதி, தலைமை நீதிபதி, சுப்ரீம் கோர்ட், டெல்லி என்று போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். செத்தவரின் மனைவியும் கொன்றவனின் தங்கையும் நான்தான், அவனைத் தூக்கில் போடுங்கள், என் தம்பி அங்கே வக்கீல் ஆபீஸில் இருந்துகொண்டு காப்பாற்றப் பார்க்கிறான், அவன் பேச்சைக் கேட்காதீர்கள் என்று எழுதியிருக்கிறேன்.

ஊரில் நடந்ததையும் உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கருமாதியன்று மத்தியானம் பந்தியிலிருந்து எழுந்த கையோடு எங்கள் பங்காளிகள் போய் அய்யம்பெருமாள் பெண்டாட்டி செல்வம்மாள் இருந்த வீட்டைக் கொளுத்தினார்கள். கட்டுத்தறியில் இருந்த இரண்டு மாடும் வெந்தது. செல்வம்மாள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பின்பக்கமாக ஓடினாள். வலது பக்கம் தலைமுடி முழுக்கப் பொசுங்கிவிட்டது. என் வாசலைத் தாண்டித்தான் ஓடினாள். என்னைப் பார்த்து, "புவனா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சிறுவாச்சூரில் போய் கோயில் வாசலில் தேங்காய் விற்கிறாள்.

அந்தக் கதவை இன்றைக்கும் சாத்துவேன். என்னிடம் இரக்கம் கேட்டு எழுதாதே.

புவனேஸ்வரி

*

டெல்லி
15.8.2000

அக்கா,

தீர்ப்பு வந்துவிட்டது. தூக்கு இல்லை. ஆயுள்.

பேப்பரில் நாலு வரியில் வரும். நீ அதில் படிக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். ஏற்கெனவே திட்டமிட்டதாகச் சாட்சி இல்லை, முன்பு குற்றம் எதுவும் இல்லை, சொத்துத் தகராறில் பொங்கி எழுந்த கோபம் என்று நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். உன் சாட்சியம் முழுக்க உண்மை என்றும் எழுதியிருக்கிறார்கள். விசாரணை நடந்தபோது கடைசி வரிசையில் நின்றேன். மூத்த நீதிபதி நான் மொழிபெயர்த்த பக்கத்தைத் திருப்பி, கையிலிருந்த காகிதம் என்ன காகிதம் என்று கேட்டார். கோர்ட் உத்தரவு என்று எங்கள் வக்கீல் சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்போது நம் வழக்கு தோற்றுவிட்டது என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தில் நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

நீ அனுப்பிய கடிதம் எங்கோ கோப்பில் சேர்ந்திருக்கும். வழக்கில் அது வரவில்லை. என்னைப் பற்றி நீ எழுதியது சரிதான்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "புவனாவுக்குத் தெரியுமா? என்ன சொல்லுச்சு?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

வைத்திலிங்கம்

*

ஆலத்தியூர்
1.9.2000

வைத்திலிங்கத்துக்கு,

அவன் கேட்டதற்குப் பதில்: ஒன்றும் சொல்லவில்லை. அசோக்தான், 'அப்ப அவன் வெளிய வருவானாம்மா' என்று கேட்டான். வருவான் என்றேன்.

இனி எழுதாதே. வந்தால் அடுப்பில் போடுவேன்.

புவனேஸ்வரி

*

ஆலத்தியூர்
28.10.2007

தம்பி வைத்திலிங்கத்துக்கு,

ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன். நீ வந்து அய்யம்பெருமாளுக்குக் கொள்ளி வைத்துவிட்டுப் போனாய். எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் நேரில் சொல்லியிருப்பேன்.

அண்ணா பிறந்தநாளுக்கு விடுதலை ஆனவர்களில் அவனும் ஒருவன். சிறுவாச்சூரிலேயே செல்வம்மாளோடு இருந்திருக்கலாம். அங்கே இருக்காமல், எரிந்த வீட்டின் சுவரைப் பார்க்க வேண்டும் என்று அவளையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்தான். தாடியெல்லாம் நரைத்துப்போய், வயிறு ஒட்டி, வேறு யாரோ மாதிரி இருந்தான். இடிந்த சுவரில் ஒரு கீற்றுப் போட்டுக்கொண்டு அடியில் இருந்தார்கள். அசோக்குக்குப் பத்தொன்பது வயது. சுண்ணாம்புக்கல் லாரியில் லோடுமேனாகப் போகிறான். நான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் நடந்திருக்கிறது. அய்யம்பெருமாள் செங்கல் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தானாம். அசோக் போய் எதிரில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். நிமிர்ந்தவனின் முகத்திலும், தடுக்கத் தூக்கிய கையிலும், வயிற்றிலும் வெட்டு. செல்வம்மாள் அடுப்பு ஊதிக்கொண்டே பார்த்திருக்கிறாள். ஊதுகுழலால் அசோக்கின் மண்டையில் அடித்திருக்கிறாள். அவன் அவளைத் தொடாமல் அருவாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டான்.

திருச்சி ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதே. செத்துவிட்டானா என்று பார்க்கத்தான் கிளம்பினேன். பஸ் ஏறியபோது அதுதான் மனதில் இருந்தது. பாதி வழியில், செத்துவிடக்கூடாது என்று ஆகிவிட்டது. அவன் செத்தால் என் பிள்ளை கொலைகாரன்.

வாக்குமூலம் வாங்க ஒரு மாஜிஸ்ட்ரேட் வந்தார். சின்னப் பெண். அசோக்கை விடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். உட்கார நாற்காலி இல்லாமல், பக்கத்துக் கட்டில்காரரின் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். போலீஸை வெளியே போகச் சொன்னார். நானும் செல்வம்மாளும் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றோம். "ஐயா, ஒங்களுக்கு நெனவு நல்லா இருக்கா? ஒங்கள வெட்டுனது யாரு?" என்று கேட்டார். அய்யம்பெருமாள் வாயில் தையல். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"ஆளு தெரியல. பின்னாலேருந்து வெட்டிட்டாங்க."

அந்தப் பெண் எழுதவில்லை. "காயமெல்லாம் முன்னாடி இருக்கேங்க" என்றார். "பின்னாலேருந்துதாம்மா. எழுதிக்குங்க" என்றான். எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் போய்விட்டான்.

செல்வம்மாள் பிணவறை வாசலில் என்னைக் கூப்பிட்டாள். "போலீசு கேட்டா அவுரு சொன்னதையே நானும் சொல்லுவேன். ஒனக்காவ இல்ல. செத்த மனுசன பொய்யனாக்க எனக்கு மனசு வரல. எழவுக்கு நீ வரக்கூடாது" என்றாள். நான் போகவில்லை. பாடை போனபோது ரோட்டோரம் புளியமரத்தடியில் நின்றேன். நீ சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாய். நரைத்துவிட்டாய்.

அசோக் திருப்பூரில் இருப்பதாக ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறான். இனி என்ன ஆகும்? தூக்குப் போடுவார்களா? உன்னைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை.

அக்கா
புவனேஸ்வரி

*

டெல்லி
6.11.2007

அன்புள்ள அக்காவுக்கு,

புளியமரத்தடியில் உன்னைப் பார்த்தேன். பார்த்தும் நிற்கவில்லை.

முதலில் சட்டம். தூக்கு இல்லை. அந்தப் பயம் வேண்டாம். அண்ணன் சொன்ன மரண வாக்குமூலம் இருக்கும்போது, அண்ணியும் அதையே சொல்லும்போது, போலீஸிடம் மிஞ்சுவது ஓர் அருவாளும் ஊர்ப் பேச்சும்தான். அதை வைத்து வழக்கு நிற்பது கஷ்டம். அசோக் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. போலீஸ் கூட்டிக்கொண்டு போனாலும் பேசக்கூடாது. இதை இன்றே சொல்லி அனுப்பு. நான் நல்ல வக்கீலுக்கு ஏற்பாடு செய்கிறேன்.

மற்றதை எழுத வரவில்லை. என் புத்தகம் போன வருடம் வந்தது. உனக்கு அனுப்பத் துணிச்சல் இல்லை. ஐம்பதிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரைப் பற்றியும் அதில் இருக்கிறது. ஒருவர் ஏழு வருடம் இருந்தார், இன்னொருவர் மூன்று வாரம்கூட இல்லை. தைரியமானவர்கள் உண்டு, பயந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்தது ரத்தம் காய்ந்த பிறகுள்ள காகிதம்தான் அக்கா. அண்ணன் உயிரைக் காப்பாற்றியதாக ஏழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அசோக்கிடம் அதற்குள் ஒரு தடவையாவது போய்ப் பேசியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் டெல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் அந்தப் பொய்யைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் அவனுக்குக் கொடுத்ததை நாம் வீணாக்கக்கூடாது.

வைத்திலிங்கம்

*

ஆலத்தியூர்
2.12.2007

தம்பிக்கு,

வீணாகிவிட்டது.

உன் கடிதம் வந்த மறுவாரம் அசோக் வீட்டுக்கு வந்தான். முதலில் சோறு போட்டேன். பிறகு நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். மாமா உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, பின்னாலிருந்து யாரோ வெட்டியதாகச் சொல்லிவிட்டுத்தான் உயிரை விட்டார் என்று சொன்னேன். பிள்ளை அழுவான் என்று எதிர்பார்த்தேன். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

"பின்னாலேருந்தா? நான் எதிர்ல நின்னு, இன்னார் மவன்னு சொல்லிட்டுத்தாம்மா வெட்டுனேன். எங்க சித்தப்பாவ முதுவுல வெட்டுனது அவன். நான் அப்புடி வெட்டுனவன்னு ஊரு பேசணுமா? அவன் போட்ட பிச்சை எனக்கு வேணாம்" என்றான்.

காலில் விழுந்தேன். பெற்றவள் பிள்ளையின் காலில் விழுந்தேன் தம்பி. மாமா ஒரு நல்லது செய்திருக்கிறார், அதை எடுத்துக்கொள் என்று கெஞ்சினேன். "அவன் நல்லவனாச் செத்துப்போவான், நான் மட்டும் அவன் பொய்யில ஒக்காந்து சோறு திங்கணுமா" என்று கேட்டான். கையைக் கழுவாமலே எழுந்து போய்விட்டான்.

அரியலூரைத் திரும்ப மாவட்டமாக்கியதற்குக் கொடி கட்டி, டவுனெல்லாம் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில்தான் அவனைத் தேடிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே போய் நின்றுவிட்டான். கூண்டில் நின்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். மாஜிஸ்ட்ரேட் இரண்டு தடவை நிறுத்தி, இப்போது எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றார். முன்னால் நின்றுதான் வெட்டினேன், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்று இவன் அதையே சொன்னான். ரிமாண்டு என்றார்கள். வேனில் ஏற்றும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

செல்வம்மாளும் வந்திருந்தாள். யார் சொன்னார்களோ தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் போக வேண்டியது செந்துறை பஸ். எரிந்த வீட்டுச் சுவரைக் கட்டி முடிக்கப் போகிறாளாம், சிறுவாச்சூருக்குத் திரும்பவில்லை. அவள்தான் முதலில் பேசினாள்.

"அவன் கெட்டுப்போவணும்னுதான் வந்தேன். கூண்டுல ஏறுனப்ப எங்க வூட்டுக்காரர் ஏறுன மாதிரியே ஏறுனான். அதே மாதிரி தோளத் தூக்கிக்கிட்டு."

நான் அழுதேன். பதினொரு வருடத்தில் வெளியிடத்தில் அழுதது அன்றைக்குத்தான். அவள் தடுக்கவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை. பஸ் வந்தது. ஏறப் போனவள் நின்று, நான் ஏறுவதற்கு வழிவிட்டாள். உட்கார்ந்து பக்கத்தில் இடம் பிடித்து வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"நீ போ. நான் அடுத்த பஸ்ல வரேன்" என்றாள்.

நீ கிளம்பி வா. வக்கீலை அனுப்பாதே, நீயே வா. அசோக்கைப் பார்க்க வேண்டும். அவனிடம் அந்தப் பெரிய நீதிபதிகள் கதை எதுவும் சொல்லாதே. சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

அக்கா
புவனேஸ்வரி